எட்டாவது மாடியில் ஒரு சிரிப்பு வீடு

மனிதனுக்கு அறுபது வயது நிறைந்தால் மாலையும் கழுத்துமாக மணையில் உட்கார்த்தி வைத்து, மறுபடியும் தாலி கட்டச் சொல்கிறோம். "எப்படியோ இத்தனை காலம் தாக்குப் பிடித்துவிட்டீர்களே!" என்பதுதான் அந்த வைபவத்தின் உள்ளர்த்தம். டெலிவிஷன் நிகழ்ச்சிகளுக்கு ஆயுள் அவ்வளவு கெட்டியல்ல. இரண்டு மூன்று வருஷம் ஓடினாலே பாக்கியம்தான். ஆனால் நியூயார்க்கில் ஒரு ஹாஸ்ய நிகழ்ச்சி 1975-ஆம் வருஷம் அக்டோபர் 11-ஆம் தேதி ஆரம்பித்து, 2025-ல் ஐம்பதாவது வருஷ விழாவைக் கொண்டாடியது. அதன் பெயர் 'சாட்டர்டே நைட் லைவ்'. சனிக்கிழமை இரவில், நடிக்க நடிக்க அப்படியே ஒளிபரப்பாவது என்று அர்த்தம்.

விழா நடந்த இடத்தைப் பார்த்துவிட்டு வருவோமா?

நியூயார்க்கின் நடுநாயகமாக இருக்கிறது ராக்பெல்லர் சென்டர். குளிர்காலத்தில் போனால், பள்ளமான ஒரு முற்றத்தில் பனிக்கட்டித் தளம் போட்டுக் குழந்தைகளும் பெரியவர்களும் சறுக்கி விளையாடுவதைக் காணலாம். விழுகிறவர்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். மேலே நின்று பார்க்கிறவர்கள் சிரித்துக்கொண்டே இருக்கிறார்கள். சிரிப்புக்கு இதைவிடப் பொருத்தமான வாசற்படி வேண்டியதில்லை! தகதகவென்று பொன் முலாம் பூசிய பிராமிதியஸ் சிலை அந்த முற்றத்தைப் பார்த்தபடி சாய்ந்திருக்கிறது. அதன் பின்னால், 850 அடி உயரத்துக்கு எழும்பி நிற்கும் கட்டடத்தின் எட்டாவது மாடியில்தான் '8-எச்' என்ற ஸ்டூடியோ இருக்கிறது.

இந்த ஸ்டூடியோ சிரிப்புக்காகக் கட்டப்பட்டதல்ல. 1933-ல் இது ரேடியோ ஸ்டூடியோவாகத் திறக்கப்பட்டது. 1937-ஆம் வருஷக் கிறிஸ்துமஸ் இரவில், உலகப் புகழ் பெற்ற சங்கீத மேதை டாஸ்கனீனி, தமக்கென்றே அமைத்த வாத்திய கோஷ்டியை இங்கேதான் முதன்முதலில் நடத்தினார். அவருடைய கச்சேரியில் இருமுவதற்கே ஜனங்கள் அஞ்சுவார்களாம். அதே இடத்தில் பிற்பாடு ஒருவர் தேனீ வேஷம் போட்டுக்கொண்டு குதித்தார்; இன்னொருவர் ஜனாதிபதியைப் போல் நடித்துத் தடுக்கி விழுந்தார். கட்டடங்களுக்கும் பூர்வஜன்மம் உண்டு போலிருக்கிறது.

டெலிவிஷனில் பெரிதாகத் தெரியும் அந்த ஸ்டூடியோ, நேரில் பார்க்கிறவர்களுக்குச் சிறியதாகவே படும். ஏறக்குறைய முந்நூறு பேர் உட்கார்ந்து பார்க்கலாம். நம் ஊர்க் கல்யாண மண்டபத்தின் முதல் பந்திக்குக்கூடப் போதாது. அந்த இடத்துக்குள் கடை, ஆஸ்பத்திரி, வீட்டுக் கூடம் என்று ஏழெட்டு 'ஸெட்'கள் வருவதும் போவதுமாக இருக்கும். ஒரு காட்சி முடிந்து விளம்பரம் ஓடும் இரண்டு மூன்று நிமிஷத்துக்குள் தச்சர்கள் சுவரைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். கிழவி வேஷக்காரி பின்பக்கம் ஓடிப் போய், டாக்டராகத் திரும்பி வருவாள்.

ஒரு வாரத்துச் சமையல்

வீட்டில் ஒரு விசேஷம் என்றால் பத்து நாள் முன்பே அப்பளம் இட ஆரம்பித்துவிடுகிறோம். இவர்களோ ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியை வெறும் ஆறு நாளில் தயாரிக்கிறார்கள். திங்கட்கிழமை அந்த வாரத்து விருந்தாளி நடிகர் வருவார். எல்லோரும் கூடிப் பேசுவார்கள். செவ்வாய் இரவு முழுவதும் எழுத்து. புதன்கிழமை நாற்பது நாடகங்கள் போலப் படிக்கப்படும், கால்வாசிதான் தேறும். வியாழனும் வெள்ளியும் ஒத்திகை. சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, ஜனங்களை உட்கார்த்தி வைத்து முழு ஒத்திகை நடக்கும். எந்த இடத்தில் சிரிப்பு வரவில்லையோ, அந்த நாடகம் போயிற்று! வாரம் முழுவதும் கண் விழித்து எழுதியவர் ஓரமாக நின்று விழுங்கிக்கொள்ள வேண்டியதுதான். பதினொன்றரை மணிக்கு நிஜ நிகழ்ச்சி.

கடைசி நிமிஷம் வரை வசனம் மாறுவதால் யாரும் மனப்பாடம் செய்வதில்லை. பெரிய அட்டைகளில் கையால் எழுதி, காமிராவுக்குப் பக்கத்தில் பிடிக்கிறார்கள். கம்ப்யூட்டர் யுகத்திலும் இந்த அட்டைதான் இவர்களுக்குத் தெய்வம்.

இத்தனைக்கும் சூத்திரதாரி லோர்ன் மைக்கேல்ஸ் என்ற கனடாக்காரர். நடுவில் 1980 முதல் ஐந்து வருஷம் விலகியிருந்தார். மற்றபடி ஐம்பதாண்டுச் சரித்திரமும் அவருடையதுதான். விழாவின்போது அவருக்கு வயது எண்பது.

சிரிக்கலாமா?

2001 செப்டம்பரில் இரட்டைக் கோபுரங்கள் தகர்ந்தபோது நியூயார்க்கில் சிரிப்பே செத்துப் போயிருந்தது. சரியாகப் பதினெட்டு நாள் கழித்து, செப்டம்பர் 29-ஆம் தேதி, நிகழ்ச்சி மறுபடி துவங்க வேண்டும். தீயணைப்பு வீரர்களும் போலீஸ்காரர்களும் மேடையில் வரிசையாக நிற்க, பால் சைமன் பாடினார். பிறகு மைக்கேல்ஸ், நகர மேயர் ஜூலியானியைப் பார்த்து, "நாங்கள் இனிமேல் சிரிப்பு மூட்டலாமா?" என்று கேட்டார். மேயர் முகம் மாறாமல், "இப்போது மட்டும் எதற்குப் புதிதாக ஆரம்பிக்கிறீர்கள்?" என்றார். துக்க வீட்டில் முதலில் சிரிக்க யாராவது ஒரு பெரியவர் அனுமதி கொடுக்க வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

விழா நாள்

2025 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. அதே பால் சைமன் பாட்டோடு விழா ஆரம்பமாயிற்று. பழைய நடிகர்கள் எங்கெங்கிருந்தோ வந்து சேர்ந்தார்கள். நரைத்தவர், பருத்தவர், இடையில் ஹாலிவுட் நட்சத்திரமாகிவிட்டவர் எல்லோரும் பழையபடி அட்டையைப் பார்த்து வசனம் பேசினார்கள். பத்தொன்பது வயதில் இங்கே வந்து சேர்ந்த எட்டி மர்பி, தமக்குப் பின்னால் வந்த டிரேசி மார்கனைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு, அந்த டிரேசி மார்கனுக்குப் பக்கத்திலேயே நின்று பேசியபோது, யார் நிஜம் என்று புரியாமல் சபை குலுங்கியது.

விழாவை ஒட்டி வெளிவந்த படங்களில் ஒன்று, நடிகர்கள் முதன்முதலில் தேர்வுக்கு வந்து நடித்துக் காட்டிய காட்சியை அவர்களுக்கே போட்டுக் காட்டியது. அவர்கள் அதிகம் நினைவு கூர்ந்தது பிற்காலத்துக் கைதட்டலை அல்ல; அன்றைய நிசப்தத்தைத்தான். காலியான ஸ்டூடியோ, இருட்டில் சில முகங்கள், ஒருவரும் சிரிக்கவில்லை; கொடுத்த நேரமோ ஐந்து நிமிஷம். தங்கள் இளம் பிராயத்து முகத்தைப் பார்த்துச் சிலருக்குக் கண் கலங்கிவிட்டது.

பெண்களுக்கு இடம்

முதல் குழுவில் நடிகர்கள் ஏழு பேர். அவர்களில் மூவர் பெண்கள்: ஜேன் கர்ட்டின், லொரெய்ன் நியூமன், கில்டா ராட்னர். எழுத்தாளர்களிலும் பெண்கள் இருந்தார்கள். ஆனாலும் ஜான் பெலூஷி என்ற நடிகர், பெண்களுக்கு அடிப்படையிலேயே நகைச்சுவை வராது என்று நினைத்தாராம். பெண்கள் எழுதிய நாடகத்தில் நடிக்க முரண்டு பிடிப்பாராம். ஜேன் கர்ட்டினே பிற்காலத்தில் ஒரு பேட்டியில் இதைச் சொன்னார். இந்தப் பேச்சுக்குப் பதில் வர நாளாயிற்று. 1999-ல் டீனா ஃபே தலைமை எழுத்தாளரானார். அந்த நாற்காலியில் அமர்ந்த முதல் பெண் அவர்தான்.

ஆனால் கில்டா அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார், நடிப்பினால். காது மந்தமான ஒரு பாட்டி வேஷம் அவருக்குப் பிரசித்தம். டெலிவிஷனில் 'வயலன்ஸ்' அதிகம் என்று யாரோ புகார் செய்ததை, 'வயலின்' என்று காதில் வாங்கிக்கொண்டு, "குழந்தைகள் வயலினைப் பார்த்தால் என்ன குடி முழுகிவிடும்?" என்று பாட்டி சண்டைக்கு நிற்பாள். தவறை எடுத்துச் சொன்னதும், "அப்படியா, போகட்டும்" என்று சாந்தமாகப் புன்னகைப்பாள். சிறு வயதில் தம்மை வளர்த்த தாதியைப் பார்த்துத்தான் அந்தப் பாட்டியைக் கில்டா உருவாக்கினார்.

விழாவில் பழைய குறும்படம் ஒன்றும் காட்டினார்கள். 1978-ல் எடுத்தது. எண்பத்தெட்டு வயதான காரட் மாரிஸ், முதல் குழுவைச் சேர்ந்தவர், மேடைக்கு வந்து அதை அறிமுகம் செய்தார். பனி மூடிய மயானத்தில் கிழவர் வேஷத்தில் பெலூஷி நடந்து வருகிறார். கூட நடித்த நண்பர்களின் கல்லறைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, அவர்கள் எப்படிப் போனார்கள் என்று கதை சொல்கிறார். தாம் மட்டும் மிஞ்சியிருப்பது தாம் நடனக்காரர் என்பதால்தான் என்று சொல்லிவிட்டு, கல்லறைகளுக்கு நடுவே ஆடுகிறார். எடுத்தபோது அது தமாஷ். ஆனால் அந்தக் குழுவில் முதலில் போனவர் பெலூஷிதான். 1982-ல், முப்பத்து மூன்றாவது வயதில். அடுத்தவர் கில்டா. கர்ப்பப்பையை அடுத்த சினைப்பையில் கான்ஸர். 1989-ல், நாற்பத்திரண்டு வயதில் மறைந்தார். அவர் பெயரால் 1995-ல் நியூயார்க்கில் ஓர் இல்லம் திறந்தார்கள். கான்ஸர் நோயாளிகளும் குடும்பத்தாரும் கூடி, ஒருவருக்கொருவர் ஆறுதல் சொல்லிக்கொள்வதற்கு. அதன் கிளைகள் பிற ஊர்களிலும் உண்டாயின.

ஒவ்வொரு சனிக்கிழமையும் நிகழ்ச்சி முடிந்ததும் நடிகர்கள் எல்லோரும் மேடையில் கூடி, கட்டிக்கொண்டு, கையசைத்து விடை பெறுவது வழக்கம். விழா இரவிலும் கடைசியாகப் பால் மக்கார்ட்னி பாடி முடித்ததும் அப்படிக் கூடினார்கள். ஐம்பது வருஷத்து முகங்களும் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. ஜேன் கர்ட்டினும் லொரெய்ன் நியூமனும் நின்ற இடத்தில், கில்டாவின் புகைப்படம் ஒன்று கூட்டத்துக்கு மேலே உயர்ந்தது. முதல் குழுவின் மூன்று பெண்களும் அன்று மேடையில் இருந்தார்கள்.