கூப்பிடு தூரம்

பேருந்தில் ஊருக்குப் புறப்படுகிறவன் எதையேனும் மறந்துவிட்டால் வழியில் ஒரு கடையில் வாங்கிக்கொள்கிறான். தொடர்வண்டியில் செல்கிறவனுக்கும் அடுத்த நிலையம் ஒன்று உண்டு. ஆனால் பெருங்கடலைக் கடக்கப் புறப்படுகிறவனுக்கு வழியில் கடையும் இல்லை, நிலையமும் இல்லை. கரையில் எதை எண்ணிப் பார்த்தானோ அதுவே அவனோடு வருகிறது. எதை எண்ணாமல் விட்டானோ அது நடுக்கடலில் அவனுக்கு எதிராக எழுந்து நிற்கிறது. ஆகவேதான் கடலோடிகளிடையே ஆயத்தம் என்பது பயணத்திற்கு முந்திய வேலை அன்று. பயணத்தின் முதற் பாதியே அதுதான்.

நாம் பணியாற்றும் ஆலங்குளம் கடலை அறியாத ஊர். சுண்ணாம்புக் கல்லும் சிமென்ட் ஆலையும் ஒருபுறம், வானம் பார்த்த கரிசல் ஒருபுறம், வெம்பக்கோட்டை, சிவகாசி, சாத்தூர் என நீளும் பட்டாசு ஆலைகள் மறுபுறம். இங்குள்ள மக்களுக்குக் கடல் என்பது உவரி, மணப்பாடு, வேளாங்கண்ணி எனத் திருவிழாக்களோடு சேர்ந்து நினைவுக்கு வருவது. இத்தகைய மண்ணிலிருந்துகொண்டு கடற்பயணத்தைப் பற்றி எழுதுவதற்குக் காரணம் ஒன்று உண்டு.

பங்கு மக்கள் சிலரோடு கோட்டாற்றுச் சவேரியார் பேராலயத்திற்கு ஒரு ஜூலை மாதத்தில் திருப்பயணம் சென்றிருந்தோம். மறுநாள் மேற்கே தேங்காய்ப்பட்டணம் துறைமுகம் வரை சென்றோம். நீரோடி, மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இனயம்புத்தன்துறை என அடுத்தடுத்து நிற்கும் சிற்றூர்கள் அப்பகுதியில் உள்ளன. தூத்தூர் வட்டாரம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தாலும் திருவனந்தபுரம் இலத்தீன் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்தது. புனித பிரான்சிஸ் சவேரியார் 1544-இல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் நடந்து நடந்து திருமுழுக்கு அளித்த மக்களின் வழிவந்தவர்கள் இவர்கள். இந்தியாவின் ஆழ்கடல் மீனவர்களுள் முன்னணியில் நிற்பவர்கள். சுறாவையும் சூரையையும் தேடி அரபிக்கடலின் நடுவரைக்கும், இலட்சத்தீவுக்கு அப்பாலும், நிலநடுக்கோட்டின் திசையிலும் செல்பவர்கள். தங்கள் விசைப்படகுகளைப் பெரும்பாலும் கொச்சியில் கட்டி வைத்துத் தொழில் செய்கிறார்கள்.

மேற்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாள்களை ஓய்வுக்காலம் என்று எண்ணியிருந்தோர் அங்கு வந்து பார்க்க வேண்டும். கரையேற்றப்பட்ட படகின் அடிப்பகுதியிலிருந்து சிப்பியும் பாசியும் சுரண்டி எடுக்கப்படுகின்றன. பலகை இணைப்புகள் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கப்படுகின்றன. எஞ்சின் கழற்றிப் பூட்டப்படுகிறது. விசிறியின் இலைகளில் நெளிவு உண்டா என்று கையால் தடவிப் பார்க்கிறார்கள். மைல்கணக்கில் நீளும் தூண்டில் கயிற்றை ஒருவர் கைமாற்றி ஒருவர் இழுத்து, நைந்த இடத்தை வெட்டி முடிகிறார்கள். வண்ணம் பூசுவது கடைசி வேலை.

அங்கே ஒரு மூத்த படகோட்டி எங்களோடு பேசினார். நாற்பது ஆண்டு கடல் கண்டவர். “ஃபாதர், படகில் ஏற்றுவது பெரிதல்ல, எதை எங்கே ஏற்றுகிறோம் என்பதுதான் பெரிது” என்றார். பத்து முதல் பதினைந்து பேர், ஒரு மாதத்திற்கும் மேலாகக் கடலில் தங்க வேண்டும். அதற்குப் பல ஆயிரம் லிட்டர் டீசல், நூற்றுக்கணக்கான பனிக்கட்டிகள், குடிநீர், அரிசி, மளிகை, மருந்து எல்லாம் ஏற வேண்டும். ஒரு பக்கத் தொட்டியில் டீசல் கூடிவிட்டால் படகு சாய்கிறது. போகும்போது பனிக்கட்டி இருந்த அறையில் வரும்போது மீன் இருக்க வேண்டும். கனம் கூடும் வேகமும் குறையும் வேகமும் ஒத்துப்போக வேண்டும். அடித்தளத்தில் தேங்கும் நீர் அலைக்கேற்ப அங்கும் இங்கும் ஓடத் தொடங்கினால், நல்ல படகும் நிலை தடுமாறும். ஆகவே நீரிறைக்கும் பம்பு ஒன்றுக்கு இரண்டாக வேண்டும்.

டீசலைப் பற்றி அவர் சொன்னது எம் மனத்தில் தங்கிவிட்டது. கரையில் நிற்கும்போது தொட்டியின் அடியில் படிந்துகிடக்கும் கசடு யாருக்கும் தெரிவதில்லை. எஞ்சினும் ஒழுங்காகவே ஓடுகிறது. பெருங்கடலில் அலை தூக்கிப் போடும்போதுதான் அந்தக் கசடு கலங்கி மேலே வந்து வடிகட்டியை அடைக்கிறது. எஞ்சின் எப்போது தேவையோ சரியாக அப்போது நின்றுபோகிறது. எனவே தொட்டியைக் கழுவ வேண்டிய இடம் கரை. கழுவ வேண்டிய காலம் அமைதியான காலம். ஒப்புரவு அருளடையாளத்தைப் பற்றி நாம் ஆற்றிய மறையுரைகள் பலவற்றைவிட இந்த ஒரு செய்தி தெளிவாக இருந்தது.

எரிபொருளுக்குக் கடலோடிகளிடையே ஒரு பழைய கணக்கும் உண்டு. மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு எதிர்பாராததற்கு. இந்த மூன்றாவது பங்கு வீண் என்று தோன்றலாம். பல பயணங்களில் அது தொடப்படாமலே திரும்பியும் வருகிறது. ஆனால் அதை மிச்சம் என்று எண்ணித் தொட்டவர்கள் திரும்பி வராததும் உண்டு.

செல்வர்களின் உலகிலும் இதே கணக்குதான். 2004-ஆம் ஆண்டில், பாய்மரம் இல்லாத 18 தனியார் மோட்டார் உல்லாசப் படகுகள் ஓர் அணியாகச் சேர்ந்து, அமெரிக்காவின் ஃபோர்ட் லாடர்டேல் துறைமுகத்திலிருந்து பெர்முடா, அசோர்ஸ் தீவுகள் வழியாக ஜிப்ரால்டர் வரை அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தன. குளிரூட்டிய அறைகளும் விலையுயர்ந்த கருவிகளும் கொண்ட படகுகள் அவை. ஆயினும் அவற்றின் முதற் கவலை டீசல்தான். வேகத்தைச் சற்றே கூட்டினாலும் எரிபொருள் செலவு பன்மடங்காகிறது. சற்றே குறைத்தால் பல நூறு மைல் கூடுதலாகப் போகலாம். அணியாகச் செல்லும் படகுகளுக்கு வேறொரு நெறியும் உண்டு. மிக மெதுவாகச் செல்லும் படகின் வேகமே அணியின் வேகம். விரைவாகச் செல்லத் தக்கவன் தன் விரைவை அடக்கிக்கொள்ளாவிட்டால், பெயரளவில்தான் அது அணி.

சவேரியாரும் அணியாகவே வந்தார். 1541 ஏப்ரல் 7-ஆம் நாள் லிஸ்பனிலிருந்து 5 கப்பல்கள் புறப்பட்டன. மொசாம்பிக்கில் குளிர்காலத்தைக் கழித்து, 1542 மே 6-ஆம் நாள் அவர் கோவாவை அடைந்தார். பதின்மூன்று மாதப் பயணம். நோயுற்றோருக்குப் பணிவிடை செய்தபடியே அவர் வந்தார் என்பதை வரலாறு கூறுகிறது. அவரது இந்தியப் பணி கோவாவில் தொடங்கவில்லை, கப்பலிலேயே தொடங்கிவிட்டது.

தூத்தூர் மீனவரும் தனித்துச் செல்வதில்லை. ஓர் ஊரைச் சேர்ந்த சில படகுகள் ஒரு குழுவாகச் செல்லும். இதற்குக் காரணம் ஒயர்லெஸ் கருவி. படகிலுள்ள அக்கருவியின் குரல் ஏறத்தாழ 25, 30 கடல் மைல்தான் எட்டும். அதற்கு அப்பால் கரையும் கேட்காது; காவற்படையும் கேட்காது. ஆகவே ஒரு படகின் குரல் எட்டும் எல்லையில் அடுத்த படகு. அதன் குரல் எட்டும் எல்லையில் மற்றொன்று. இப்படிப் படகுகள் சங்கிலியாக நிற்கும்போது, ஒருவன் சொன்ன சொல் கைமாறிக் கைமாறி நெடுந்தொலைவு செல்கிறது. சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனால் அதற்கு அப்பாலுள்ளோர் அனைவரும் ஊமைகளாகிவிடுகின்றனர்.

2017 நவம்பர் 30-ஆம் நாள் அதுவே நேர்ந்தது. ஒக்கிப் புயல் குமரி முனையருகே மிக விரைவில் வலுப்பெற்று இலட்சத்தீவை நோக்கி நகர்ந்தது. எச்சரிக்கை வந்தபோது ஆழ்கடல் படகுகள் பல நாள்களுக்கு முன்னரே புறப்பட்டுப் போயிருந்தன. கரை அறிந்த செய்தி கடலை எட்டவில்லை. தமிழகமும் கேரளமுமாக 300-க்கும் மேற்பட்ட மீனவர் இறந்தோ காணாமற்போயோ, இல்லங்கள் தலைவர்களை இழந்தன. டிசம்பர் 3-ஆம் நாள், சவேரியார் திருநாளன்று, அந்தக் கடற்கரைக் கோவில்களில் எழுந்தது திருவிழா ஒலி அன்று, அழுகை. தேடுதலை விரிவாக்கக் கோரிக் குழித்துறை ரயில் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் தண்டவாளத்தில் அமர்ந்தனர். அதன் பின்னரே செயற்கைக்கோள் வழியாகச் செய்தி பெறும் கருவிகள் படகுகளுக்கு வரத் தொடங்கின. முதலில் வந்த கருவிகளில் செய்தியைப் பெறலாம். திரும்பக் கூப்பிட இயலாது. கூப்பிடுவதற்கும் வழி வேண்டும் என்பதே அம்மக்களின் அடுத்த கோரிக்கையாயிற்று.

மாற்கு நற்செய்தியில், புயல் அடங்கிய நிகழ்ச்சியை நாம் பலமுறை வாசித்திருக்கிறோம். தலையணையில் தலைசாய்த்துத் துயின்ற ஆண்டவரையும், அஞ்சி அலறிய சீடரையும் அறிவோம். ஆனால் அப்பகுதியின் தொடக்கத்தில், வேறு படகுகளும் அவருடன் இருந்ததாக நற்செய்தியாளர் போகிறபோக்கில் ஒரு குறிப்புத் தருகிறார். அந்தப் படகுகளைப் பற்றி அதன்பின் ஒரு சொல்லும் இல்லை. அவற்றில் ஆண்டவர் இல்லை. எழுப்புவதற்கு எவரும் இல்லை. ஆயினும் அதே காற்றுதான் அவற்றையும் அடித்திருக்கும். ஒரு படகில் எழுந்த கூக்குரலுக்கு ஆண்டவர் எழுந்தபோது, கடல் முழுவதும் அடங்கியது. கூப்பிட்டவர் சிலர், அமைதி பெற்றவர் அனைவரும்.

இதை எண்ணும்போது எமது பட்டாசு மண்ணின் வேறொரு ஆயத்தம் நினைவுக்கு வருகிறது. பட்டாசு ஆலையில் அறைகள் ஒன்றையொன்று விட்டு விலகியே கட்டப்பட வேண்டும். ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் இருக்கலாகாது. கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும். இரும்புக் கருவி ஆகாது. கலந்த மருந்தை மறுநாளைக்கு என்று வைக்கலாகாது. ஓர் அறையின் தீ அடுத்த அறைக்குப் போகாதிருப்பதற்காகவே இந்த விலகல். கடலில் படகுகள் குரல் எட்டும் தொலைவில் நெருங்கி நிற்க வேண்டும். இங்கே அறைகள் தீ எட்டாத தொலைவில் விலகி நிற்க வேண்டும். இரண்டும் உயிரைக் காப்பதற்கே. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் அந்த ஆலையின் தொழிலாளர் அல்லர். புகை கண்டு ஓடி வந்தவர்கள். தீ பரவாமலிருக்க விலகல் வேண்டும் என்பதை விதிகள் சொல்கின்றன. ஆனால் மனித நெஞ்சு விலகி நிற்க அறியாதது என்பதையும் அந்த நாள் சொல்லிற்று.

துன்பம் என்னவென்றால், அறைகளுக்குரிய விலகலை நாம் இல்லங்களுக்கும் கொண்டுவந்துவிட்டோம். எமது பங்கில் ஒரு பெண்மணி. கணவர் வெடிவிபத்தில் இறந்தவர். இழப்பீட்டுத் தொகை வந்த நாள்களில் உறவினர் கூட்டம் முற்றத்தை நிறைத்தது. ஓராண்டு கழிந்து, பிள்ளைக்கு நள்ளிரவில் காய்ச்சல் கண்டபோது, எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. “கூப்பிட்டா வருவாங்க சாமி, ஆனா கூப்பிடத்தான் கூச்சமா இருந்துச்சு” என்றார். அடுத்த வீடு பத்தடி தொலைவில் இருந்தது. ஆயினும் அது கூப்பிடு தூரத்தில் இல்லை.

அன்பியங்கள் என்று நாம் அமைத்திருப்பவை இதற்காகவே அல்லவா? மாதத்திற்கு ஒருமுறை கூடி, விவிலியம் வாசித்து, தேநீர் அருந்திக் கலைவது மட்டுமே அன்பியம் ஆகிவிடாது. ஒரு வீட்டின் குரல் அடுத்த வீட்டிற்கும், அதன் குரல் அதற்கடுத்த வீட்டிற்கும் எட்டுகிறதா என்று புயலுக்கு முன்பே சோதித்துப் பார்ப்பதே அதன் வேலை. தூத்தூர்ப் படகுகள் நல்ல வானிலையிலும் காலை மாலை ஒன்றையொன்று அழைத்துப் பேசிக்கொள்கின்றன. சொல்வதற்குச் செய்தி இருப்பதனால் அன்று. கருவி வேலை செய்கிறது என்று இரு தரப்பும் அறிந்திருப்பதற்காக. நலமான நாள்களில் பேசாதவர்களிடம் துயர நாளில் பேசக் கூச்சம் வருவது இயல்பே.

இதனால் நம் தனிப்பட்ட ஆயத்தம் குறைந்துவிடலாம் என்று பொருள் அன்று. அணியாகச் செல்கிறோம் என்பதற்காக எந்தப் படகும் குறைந்த டீசலோடு புறப்படுவதில்லை. மணமகனை எதிர்கொள்ளச் சென்ற கன்னியர் உவமையில், அறிவிலிகள் கேட்ட எண்ணெய் கிடைக்கவில்லை. செபமும், மனச்சான்றின் தூய்மையும் அத்தகைய எண்ணெய். அவற்றை நள்ளிரவில் கடன் வாங்க முடியாது. ஆனால் குரலைப் பகிரலாம். வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். எதிர்பாராததற்கென்று வைத்த மூன்றாம் பங்கிலிருந்து நம் நேரத்தையும் பொருளையும் பிறருக்கு நீட்டலாம். அந்தப் பங்கை வைத்திருப்பதே அதற்காகத்தானே!

கடலோடிகளின் நலனுக்கென 1920-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் தொடங்கிய கத்தோலிக்கப் பணி இன்று ‘ஸ்டெல்லா மாரிஸ்’ என்று அன்னையின் பெயரையே தாங்கி நிற்கிறது. ஜூலை மாதத்தின் இரண்டாம் ஞாயிறு கடல் ஞாயிறாக நினைவுகூரப்படுகிறது. உள்நாட்டுப் பங்குகளில் அது பெரும்பாலும் கவனிக்கப்படாமலே கடந்துபோகிறது. இனி வரும் ஆண்டில் அந்த ஞாயிறன்று, தடைக்காலம் முடிந்து புறப்படக் காத்திருக்கும் படகுகளுக்காக நம் திருப்பலியில் ஒரு மன்றாட்டேனும் சேர்ப்போம். திருப்பலி முடிந்து வீடு திரும்பும் வழியில், நெடுநாளாக நாம் பேசாதிருக்கும் ஒரு வீட்டின் வாயிலில் ஒரு கணம் நின்று, உள்ளே இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவோம். குரல் எட்டுகிறதா என்று அறிந்துகொள்ள அமைதியான நாளே ஏற்ற நாள்.