கொல்லைப்புற ஜன்னல்

முதுகலை வரலாறு படித்தபோது இ.பி. தாம்சனின் 'ஆங்கிலத் தொழிலாளி வர்க்கத்தின் உருவாக்கம்' நூலை நூலகத்திலிருந்து எடுத்துவந்து பென்சிலால் கோடு போட்டுப் படித்தேன். (நூலகப் புத்தகத்தில் கோடு போடக் கூடாதுதான்.) முதல் அத்தியாயமே லண்டன் கரஸ்பாண்டிங் சொசைட்டியைப் பற்றியது. 1792 ஜனவரியில் ஒரு மதுக்கடையில் 9 ஆண்கள் ரொட்டியும் பாலாடைக்கட்டியும் சாப்பிட்டுவிட்டுத் தொடங்கிய சங்கம். வாரம் ஒரு பென்னி சந்தா. உறுப்பினர் எண்ணிக்கைக்கு வரம்பு கிடையாது. சொத்துள்ளவனுக்கு மட்டும் எதற்கு ஓட்டு என்பதுதான் அவர்கள் கேள்வி. செயலாளர் தாமஸ் ஹார்டி. நாவல் எழுதியவர் இல்லை, செருப்புத் தைத்தவர். நான் போட்ட கோடுகளெல்லாம் ஹார்டிக்கு அடியில்.

பத்து வருஷம் கழித்து, ஏழு மாதக் கர்ப்பிணியாக, படுக்கையைவிட்டு எழுந்திருக்காதே என்று டாக்டர் சொல்லியிருந்த நாட்களில் அதே புத்தகத்தை மறுபடி எடுத்தேன். இந்த முறை என்னால் லிடியாவைத் தாண்டிப் போக முடியவில்லை.

1794 மே 12, காலை ஆறரை மணி. ஹார்டியைக் கைதுசெய்ய அரசின் ஆட்கள் வீட்டுக்குள் நுழைகிறார்கள். மேசை, இழுப்பறை எல்லாம் உடைபடுகின்றன. கடிதங்களைப் பட்டுக் கைக்குட்டைகளில் மூட்டை கட்டுகிறார்கள். ஹார்டியின் மனைவி லிடியா கட்டிலில் இருக்கிறார், கர்ப்பிணி. முன்பு படித்தபோது நான் கைக்குட்டைகளைக் கவனித்தேன். கட்டிலைக் கவனிக்கவில்லை. ஆறேழு ஆண்கள் அறைக்குள் நிற்கும்போது போர்வைக்குள் இருப்பது எப்படி என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

லிடியா வெறும் "செயலாளரின் மனைவி" இல்லை. அடிமைத்தனத்திலிருந்து மீண்டு தன் கதையைத் தானே எழுதிய ஒலாடா எக்குவியானோ அவர்கள் வீட்டில் தங்கியிருந்தவர். 1792 ஏப்ரலில் பிறந்த ஊரான செஷாமுக்குப் போயிருந்த லிடியா, கணவருக்கு எழுதிய கடிதத்தில் அவரை விசாரிக்கிறார். அடிமை வணிகத்துக்கு எதிரான மசோதா என்ன ஆயிற்று என்று கேட்கிறார். இங்கே சர்க்கரை போட்டு டீ குடிப்பவர்களைவிடப் போடாமல் குடிப்பவர்களே அதிகம் என்கிறார். அடிமைகள் விளைவித்த சர்க்கரையை வேண்டாமென்ற அந்தப் போராட்டம் அடுப்படியில்தான் நடந்தது. நடத்தியவர்களில் பெரும்பங்கு பெண்கள். அந்தக் கடிதம் இன்று பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில், அரசு வழக்கறிஞரின் கோப்புகளுக்கிடையே இருக்கிறது. பறிமுதல் செய்ததால்தான் அது நமக்குக் கிடைத்திருக்கிறது. இதற்குச் சந்தோஷப்படுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஹார்டி மீதான குற்றம் ராஜத்துரோகம். 1351ஆம் வருஷத்துச் சட்டப்படி மன்னரின் மரணத்தைக் கற்பனை செய்தாலே குற்றம். ஆட்கொணர்வு மனு உரிமையையும் நாடாளுமன்றம் அந்த மாதமே நிறுத்திவைத்தது. ஹார்டி லண்டன் கோபுரச் சிறையில். லிடியா அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவார்.

ஜூன் 11. பிரெஞ்சுக் கடற்படையை வென்ற கொண்டாட்டத்தில் ஒரு கும்பல் பிக்காடிலியில் இருந்த ஹார்டி வீட்டைச் சூழ்ந்து கல்லெறிந்தது. லிடியாவின் அலறலைக் கேட்ட அக்கம்பக்கத்தார் பின்பக்கமாக வரச் சொன்னார்கள். அங்கே இருந்தது ஒரு சின்ன ஜன்னல். அதில் நுழையும்போது வயிறு சிக்கிக்கொண்டது. பலத்தைக் கூட்டித்தான் வெளியே இழுத்தார்கள்.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்தேன். அந்த நாட்களில் கட்டிலில் புரண்டு படுக்கவே எனக்கு இன்னொருவர் கை வேண்டியிருந்தது.

ஆகஸ்ட் 27 அன்று குழந்தை இறந்தே பிறந்தது. அதற்கு முன் பெற்ற ஐந்தும் தங்கியதில்லை. அன்றே லிடியாவும் இறந்தார். பிடிவாரண்டில் அவர் பெயர் இருந்ததில்லை. தாம்சனின் அத்தனை பெரிய புத்தகத்தில் அவருக்குக் கிடைத்தது சில வரிகள்.

நவம்பர் 5 அன்று நடுவர்கள் ஹார்டியைக் குற்றமற்றவர் என்றார்கள். ஊரே திரண்டு அவருடைய வண்டியைத் தெருக்களில் இழுத்துச் சென்றது. செயின்ட் மார்ட்டின் தேவாலயக் கல்லறைத் தோட்டத்தில் நிறுத்தச் சொல்லி, மனைவியைப் புதைத்த இடத்துக்குப் போனார் அவர்.

அரசு ஓயவில்லை. 1795இல் 50 பேருக்கு மேல் கூடுவதற்குக் கட்டுப்பாடு. 1799இல் சங்கத்தைப் பெயர் சொல்லியே தடைசெய்தது. 1832இல், ஹார்டி இறந்த அதே வருஷம், சீர்திருத்தச் சட்டம் வந்தது. வாக்காளர் "ஆண்" என்று அந்நாட்டுச் சட்டம் முதன்முதலாக எழுதிவைத்தது அதில்தான். ஹார்டியின் சங்கம் கேட்டதும் ஆண்களுக்கெல்லாம் ஓட்டு என்றுதான். லிடியாவுக்கு என்று கேட்கவில்லை.

இறந்த அன்று லிடியா கணவருக்கு ஒரு கடிதம் எழுதத் தொடங்கியிருந்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டது. எனக்கு ஒன்பதாம் மாதத்தில் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரிப் பையில் அந்தப் புத்தகத்தையும் வைத்திருந்தேன், கூடவே பென்சிலையும்.