திண்ணை இரண்டாய்ப் பிரிந்தது

ஐ.சி.எஸ். என்று நாங்கள் சொல்லிவந்த இன்டர்நெட் செஸ் சர்வரை மனசு இன்றைக்கும் தேடுகிறது. 1992 ஜனவரியில் மைக்கேல் மூர், ரிச்சர்ட் நாஷ் இருவரும் தொடங்கிவைத்தது அது. அமெரிக்காவில் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு ராத்திரி வேளைகளில் அதுதான் ஊர்த்திண்ணை.

படம் இல்லை, வண்ணம் இல்லை. டெல்நெட் என்ற எழுத்துவழி இணைப்பில் உள்ளே போனால், கோடுகளும் எழுத்துகளுமாக ஒரு பலகை திரையில் விழும். குதிரைக்கு ‘என்’ என்ற ஆங்கில எழுத்து. முன்னால் நட்சத்திரக்குறி இருந்தால் அது கறுப்புக் குதிரை. ‘இ4’ என்று தட்டினால் சிப்பாய் நகரும், பலகை முழுசும் மறுபடி கீழே வந்து விழும். பழகப் பழக எழுத்து கண்ணில் படாது, குதிரைதான் தெரியும்.

ஆரம்பத்தில் நிரலில் பிழைகள் மலிந்திருந்தன. விதிக்குப் புறம்பான நகர்த்தலைக்கூடச் சில சமயம் ஏற்றுக்கொண்டுவிடும். கார்னெகி மெலன் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் ஸ்லீட்டர் 1992-லேயே பொறுப்பெடுத்து, பெரும்பகுதியைத் திருத்தி எழுதினார். இணைப்பு மந்தமானால், காயை நகர்த்திய பிறகும் நம் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஜெயிக்க வேண்டிய ஆட்டம் நேரம் தீர்ந்து கைவிட்டுப் போகும். யோசித்த நேரத்தை ஆடுகிறவரின் கணினியிலேயே அளக்கும் ‘டைம்ஸ்டாம்ப்’ வசதியால் அந்த அநியாயத்துக்குத் தீர்வு கண்டவரும் அவர்தான்.

1995 மார்ச் 1-ம் தேதி அறிவிப்பு வந்தது. இனி இது இன்டர்நெட் செஸ் கிளப். ஆண்டுச் சந்தா 49 டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 1,500 ரூபாய். உதவித்தொகையில் மாதத்தை ஓட்டிய எனக்கு அது சின்னத் தொகை இல்லை.

உழைப்புக்குக் கூலி வேண்டும்தான். பட்டம் பெற்ற ஆட்டக்காரர்களை அந்த கிளப் இலவசமாகவே சேர்த்துக்கொண்டது. கிராண்ட்மாஸ்டர்கள் இன்னும் அதிகமாக வந்தார்கள், ஆட்டத்தின் தரமும் உயர்ந்தது. ஆனால் பிழை கண்டு சொன்னவர்களும், நிரல் எழுதித் தந்தவர்களும், புதியவர்களுக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தவர்களும் அதுவரை அந்த இடத்தைத் தங்களுடையதாக நினைத்திருந்தார்கள். அவர்களெல்லாம் ஓர் அறிவிப்பில் வாடிக்கையாளர்களாகிவிட்டார்கள்.

பழைய நிரலாளர்கள் சிலர் அந்த மாதமே ஃப்ரீ இன்டர்நெட் செஸ் சர்வரைத் தொடங்கினார்கள். நானும் அங்கே போனேன். கூட்டம் பாதியாய்ப் பிரிந்திருந்தது. ஐஸ்லாந்திலிருந்து ஆடும் பெரியவர் ஒருவர், என்னைத் தோற்கடித்த கையோடு நான் சறுக்கிய நகர்த்தலுக்குத் திரும்பிப் போய், அங்கே என்ன ஆடியிருக்கலாம் என்று வரிவரியாகத் தட்டி அனுப்புவார். அவர் சந்தா கட்டி அந்தப் பக்கம் போய்விட்டார். அவருடைய புனைபெயர் மட்டும்தான் எனக்குத் தெரியும். அதோடு தொடர்பு அறுந்தது.

நன்கொடையில் நடக்கும் லிசெஸ் என்ற இணைய செஸ் தளம் 2010-லிருந்து இருக்கிறது. சந்தா இல்லை, விளம்பரமும் இல்லை. ஆடும்போதெல்லாம் நடத்துகிறவர்களை வாழ்த்துகிறேன். ஆனால் நிரல் எழுதுகிறவரும் கிராண்ட்மாஸ்டரும் என்னைப்போல் கத்துக்குட்டியும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசிய அந்த மூன்று வருஷம் வேறு. அது திரும்பக் கிடைக்குமானால், 49 டாலர் என்ன, அதைப்போல் பத்து மடங்கு தரவும் இன்று நான் தயார்.