எதிர்வீட்டு சார் கேட்ட கேள்வி

இரண்டு மாதமாக ஏன் ஒன்றும் எழுதவில்லை என்று பலர் போன் செய்து கேட்டீர்கள். உடம்புக்கு ஒன்றுமில்லை. எதிர்வீட்டு மாமி காலமாகிவிட்டார். அதற்குப் பிறகு சார் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். அதுதான் என்னை எழுதவிடாமல் வைத்திருந்தது. இன்று எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகு நாங்கள் ஸ்ரீரங்கத்துக்குக் குடிவந்தது உங்களில் பலருக்குத் தெரியும். "ரங்கநாதர் ஊரில் லுத்தரன் டீச்சருக்கு என்ன வேலை?" என்று என் தம்பி இன்னமும் கேலி செய்வான். மகள் வீடு பக்கம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. எதிர்வீட்டு சார் உத்திர வீதியில் பிறந்து வளர்ந்த ஐயங்கார். ரயில்வேயில் முப்பது வருடம் டிக்கெட் பரிசோதகர். பூணூல் உண்டு, நெற்றியில் எதுவும் கிடையாது. நாத்திகரா என்று கேட்டால் அதுவும் இல்லை என்பார். 1987-இல் கட்டி முடித்த 236 அடி ராஜகோபுரம் ஒரு பக்கம், அதற்கு எதிரே 2006-இல் வைத்த பெரியார் சிலை ஒரு பக்கம். "டீச்சர், அது இருக்குங்கறது, இது இல்லைங்கறது. நான் நடுவுல ஒண்ணாம் நம்பர் பஸ்ஸுக்கு நிக்கறவன்" என்பார். இப்படிப்பட்டவர்களுக்கென்று 1869-இல் ஹக்ஸ்லி என்ற ஆங்கில விஞ்ஞானி ஒரு பெயரே உண்டாக்கினாராம், அக்னாஸ்டிக் என்று. தமிழில் அஞ்ஞேயவாதி. சொல்வதற்குள் பல் சுளுக்கிக்கொள்ளும். நான் 'தெரியாது கட்சி' என்று பெயர் வைத்துவிட்டேன். அவருக்கும் அது பிடித்துப்போயிற்று.

சாயங்காலம் காபிக்குப் பிறகு இரண்டு வீட்டு வாசலிலும் நாற்காலி போட்டுக்கொண்டு பேசுவோம். முதலில் ஆரம்பித்தது அவர்தான். பிஷப் ஹீபர் கல்லூரிப் பெயரைப் பேப்பரில் பார்த்துவிட்டு, யார் இந்த ஹீபர் என்று கேட்டார். கல்கத்தாவின் பேராயர், ஆங்கிலத்தில் ஞானப்பாட்டுகள் எழுதியவர், தஞ்சாவூரில் ஈஸ்டர் ஆராதனை முடித்துவிட்டுத் திருச்சிக்கு வந்தவர் என்று சொன்னேன். 1826 ஏப்ரல் 3-ஆம் தேதி, விடிந்தும் விடியாமலும் கோட்டையில் உள்ள ஆலயத்துக்குப் போனார். 1766-இல் சுவார்ட்ஸ் ஐயர் கட்டிய ஆலயம் அது. அங்கே தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்தினார். வெயில் ஏறியதும் தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பிக் குளிக்கப் போனவர் தொட்டியை விட்டு உயிரோடு வரவில்லை. புனித யோவான் ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள். வயது 42.

சார் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "உங்க பிஷப் கார்த்தால ஜெபம் பண்ணிட்டு வந்து, குளிக்கற தண்ணியிலேயே போயிட்டாரே. இரட்சிப்பு இரட்சிப்புன்னு சொல்றேளே, அது எந்த ஊர்ல இருந்தது அன்னிக்கு?"

எனக்கு அன்று கோபம்தான் வந்தது. ஆனால் கேள்வியில் நியாயம் இருந்தது. நம்மில் பாதிப் பேர் இரட்சிப்பை எல்.ஐ.சி. பாலிசி மாதிரிதானே நினைக்கிறோம்? விபத்து வராது, வியாதி வராது, பையனுக்கு வேலை கிடைக்கும் என்று சாட்சி சொல்கிறோம். சிலுவையில் தொங்கியவரைக் கும்பிடுகிற நாம் அப்படிச் சொல்வது விந்தைதான். ஹீபருக்கு அந்தத் தண்ணீர் முடிவு இல்லை என்பதுதான் என் விசுவாசம், தண்ணீர் அவரைத் தொடாது என்பது அல்ல என்று சொன்னேன். "அதை யார் போய்ப் பார்த்தா?" என்றார். யாரும் பார்க்கவில்லைதான்.

இன்னொரு நாள் தொழில் புத்தி வந்துவிட்டது. "உங்க சொர்க்கத்துல வித்தவுட் உண்டா?" என்று கேட்டார். உண்டு சார் என்றேன். இயேசுவின் பக்கத்தில் சிலுவையில் தொங்கிய கள்ளனைச் சொன்னேன். ஞானஸ்நானம் இல்லை, திடப்படுத்தல் இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை காணிக்கை கூடப் போட்டதில்லை. என்னை நினைத்துக்கொள்ளும் என்று ஒரே ஒரு விண்ணப்பம், அன்றைக்கே கூடவே போய்விட்டான். சார் தொடையைத் தட்டிச் சிரித்தார். உள்ளே இருந்து மாமி எட்டிப் பார்த்து, "பாத்தேளா, இது எங்காத்துப் பூனைக்குட்டி" என்றார்.

வெளியூர்ப் பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்குகிறேன். நான் மாமியிடம் கற்றுக்கொண்டது. வைணவத்தில் வடகலைக்கும் தென்கலைக்கும் நாமம் மட்டும் வித்தியாசம் இல்லை. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ள வேண்டும், விட்டால் விழுந்துவிடும். பூனைக்குட்டி ஒன்றும் செய்யாது, தாய்ப்பூனை கவ்விக்கொண்டு போகும். கடவுள் காப்பாற்ற மனிதன் ஏதாவது செய்ய வேண்டும் என்பது வடகலை. அவன் செய்ய ஒன்றுமில்லை, எல்லாம் அருள் என்பது தென்கலை. தென்கலையாரின் பெரிய ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் இதே ஸ்ரீரங்கத்தில் வாழ்ந்தவர். 1323-இல் டில்லிப் படை வந்தபோது உற்சவ மூர்த்தியைத் தூக்கிக்கொண்டு வெளியேறி, வழியிலேயே, மதுரைப் பக்கத்தில் உயிரை விட்டவர். மாமி வடகலை வீட்டுப் பெண், சார் தென்கலை. "எங்களோடது கலப்புத் திருமணம்" என்று சார் சொல்லிக்கொள்வார்.

எனக்கு ஆச்சரியம் என்னவென்றால், லூத்தர் ஐயாவின் பிள்ளைகள் நாமும் பூனைக்குட்டிக் கட்சிதான். கிரியைகளால் அல்ல, கிருபையினால் என்றுதானே ஞாயிறு பள்ளியில் படித்தோம்? ஐயர் கையில் வீறிட்டு அழுகிற குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறோமே, அந்தக் குழந்தை என்ன செய்தது? ருடால்ஃப் ஓட்டோ என்ற ஜெர்மானிய இறையியலாளர், அவரும் லுத்தரன்தான், இந்தியாவின் அருள் நெறியையும் கிறிஸ்தவத்தையும் ஒப்பிட்டு 1930-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். எல்லாம் ஒன்று என்று அவர் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. எனக்கு இரட்சகர் ஒருவர்தான், அதைச் சாரிடம் ஒருநாளும் மறைத்ததில்லை. ஆனால் கிருபை என்ற சொல்லைக் கேட்டால் மாமிக்கு நான் விளக்கவேண்டிய அவசியம் இருந்ததில்லை. சபையில் முப்பது வருடம் உட்கார்ந்திருக்கிற சிலருக்கு இன்னும் விளக்க வேண்டியிருக்கிறது.

சார் விடுகிற ஆளா? "எல்லாம் இலவசம்னா நம்பணும்ங்கற நிபந்தனை எதுக்கு? அப்போ நம்பிக்கைதான் டிக்கெட். கலர் மாத்திட்டேள், அவ்வளவுதானே?" என்றார்.

"பிச்சைக்காரன் கை நீட்டுறது கூலி ஆகுமா சார்? நம்பிக்கைங்கிறது அந்த வெறும் கைதான்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எனக்கு அந்தக் கை முளைக்கவே இல்லை டீச்சர். வேணும்னு மடக்கி வெச்சுக்கலை" என்றார்.

வகுப்பறையில் எத்தனையோ கேள்விகளைச் சமாளித்திருக்கிறேன். இதற்குச் சட்டென்று வாய் திறக்கவில்லை. நோயாளிப் பிள்ளையைக் கொண்டுவந்த ஒரு தகப்பன், நம்புகிறேன் என்று சொன்ன அதே மூச்சில் தன் நம்பாமைக்கும் உதவி கேட்டதை மாற்கு எழுதியிருக்கிறார். இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அதை மறுநாள் சொன்னேன். "அவனுக்குப் பாதியாவது இருந்ததே" என்றார்.

ஒரே ஒரு தடவை என்னை நன்றாக மடக்கினார். ராமானுஜர் திருக்கோஷ்டியூருக்குப் பதினெட்டு முறை நடந்து எட்டெழுத்து மந்திரத்தைப் பெற்றதும், வெளியில் சொன்னால் உனக்கு நரகம் என்று குரு எச்சரித்ததும், அவர் கோவிலில் ஏறி நின்று ஊருக்கே அதைச் சொன்னதும் உங்களுக்கும் தெரிந்த கதைதான். "இத்தனை பேர் பிழைக்கறான்னா நான் ஒருத்தன் நரகத்துக்குப் போறேன்னார் எங்க ஆசாமி. உங்களவா என்னடான்னா, ஊரையே அங்க அனுப்பிட்டு நாலு பேர் மேல போறா." எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. ராத்திரி படுத்த பிறகுதான் ரோமருக்கு எழுதிய நிருபம் நினைவுக்கு வந்தது. தன் ஜனங்களுக்காகத் தானே சாபமாகிவிட்டாலும் சரி என்று பவுலும் எழுதியிருக்கிறார். எத்தனை தடவை படித்திருக்கிறேன்! படித்ததெல்லாம் அவருடைய வாதத்துக்காக. அந்தத் தவிப்பைத் தாண்டிக் குதித்துப் போயிருக்கிறேன்.

மாமி போனது திடீரென்றுதான். முந்தின நாள் கூட ரசம் கொடுத்தனுப்பினார். மார்கழி முழுக்கப் பொங்கல் அங்கிருந்து வரும், கிறிஸ்துமஸுக்கு முட்டை போடாத கேக் இங்கிருந்து போகும். இருபது வருடமாக அப்படி. சார் எல்லாக் காரியங்களையும் ஒன்று விடாமல் செய்தார். அம்மா மண்டபத்தில் ஈரவேட்டியோடு உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். "எனக்கு நம்பிக்கை இல்லை, அவளுக்கு இருந்ததே" என்று மட்டும் சொன்னார்.

பதிமூன்றாம் நாள் எல்லாம் முடிந்து உறவினர்கள் புறப்பட்டுப் போனபிறகு, வழக்கம் போல நாற்காலி போட்டார். மாமி நாற்காலியையும் எடுத்துப் போட்டுவிட்டார், பழக்கத்தில். நான் கவனிக்காத மாதிரி இருந்தேன்.

"ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டாள்னு எங்க மனுஷா சொல்றா. உங்க கணக்குல அவ எங்கே டீச்சர்? மழுப்பாம சொல்லுங்கோ."

இதற்குப் பதில்கள் இருக்கின்றன, எனக்குத் தெரியாமல் இல்லை. கத்தோலிக்கர்கள் 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், தன் குற்றமில்லாமல் நற்செய்தியை அறியாதிருந்து, உண்மையான மனதோடு கடவுளைத் தேடுகிறவர்களும் இரட்சிப்படையலாம் என்று எழுதி வைத்தார்கள். நம் பக்கத்தில் அதற்கு நேர்மாறாகச் சொல்கிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். எதையும் எடுத்து நீட்ட எனக்கு மனம் வரவில்லை. ஏனென்றால், அந்தக் கேள்வியை அதற்கு முன் ஒருமுறை ஒருவர் என்னிடம் கேட்டு, நான் பதில் சொல்லியிருக்கிறேன்.

1979 அல்லது 80. வேலைக்குச் சேர்ந்த புதிது. வேதபாட வகுப்பு. ஹாஸ்டல் பிள்ளைகள் எல்லாரும் உட்காரலாம் என்பதால் அந்தப் பெண்ணும் உட்கார்ந்திருந்தாள். ஏழாம் வகுப்பு, முசிறிப் பக்கம். வாரம் தவறாமல் அவளுடைய அப்பாயி பார்க்க வரும், பொரிவிளங்காய் உருண்டை கொண்டுவரும். மொத்த ஹாஸ்டலுக்கும் பங்கு உண்டு. நானும் தின்றிருக்கிறேன். அப்பாயி இறந்து, ஊருக்குப் போய்விட்டு வந்த வாரம் எழுந்து நின்று கேட்டாள். "டீச்சர், எங்க அப்பாயி இயேசுவைக் கும்பிடலையே. நரகத்துக்கா போயிருக்கும்?"

எனக்கு வயது இருபத்தாறு. எல்லாம் தெரியும். ஏற்றுக்கொள்ளாதவர்களுக்கு வேறு வழி இல்லை என்று சொன்னேன். "சரி டீச்சர்" என்று உட்கார்ந்தாள். அழவில்லை. அடுத்த வருடம் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அதனால்தானா என்று எனக்குத் தெரியாது.

சாரிடம் முதலில் இதைச் சொன்னேன். பிறகு, "மாமி எங்கே என்று எனக்குத் தெரியாது சார். தீர்ப்புச் சொல்கிறவர் யார் என்று தெரியும். தன்னை ஆணியில் அறைந்துகொண்டிருந்தவர்களுக்காகவே மன்னிப்புக் கேட்டவர் அவர். அவர் கையில் மாமியை விட்டுவிட எனக்குப் பயமில்லை" என்றேன். அதற்கு மேல் என்னிடம் ஒன்றுமில்லை.

சார் ரொம்ப நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். "தெரியாதுன்னு சொல்ல உங்களுக்கு எழுபத்திரண்டு வயசாச்சு" என்றார். சிரிப்பாகத்தான் சொன்னார், கண் சிவந்திருந்தது. எழுந்து போகும்போது, "அந்தப் பொண்ணைத் தேடிச் சொல்லிடுங்கோ" என்றார்.

அதற்காகத்தான் இந்தப் பதிவு. சொந்தக்காரர்களில் சிலர் வசனங்களோடு போன் செய்வீர்கள் என்று தெரியும். செய்யுங்கள், எடுப்பேன். நான் விசுவாசத்தை விட்டுவிடவில்லை. தினமும் காலையில் சாருக்காக ஜெபம் பண்ணுகிறேன், அது அவருக்கும் தெரியும். "இன்னிக்கு ஆச்சா?" என்று கேட்பார்.

பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அந்த வருடம் ஏழாம் வகுப்பில் இருந்த பிள்ளைகளே, பொரிவிளங்காய் உருண்டை என்றதும் உங்களுக்கு யார் என்று தெரிந்திருக்கும். அவளுக்கும் இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கலாம். அவளோடு யாருக்காவது தொடர்பு இருந்தால் இதைக் காட்டுங்கள். அம்மா, உன் டீச்சருக்கு அன்றைக்குத் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லிவிட்டேன். உன் அப்பாயியைப் பற்றி அப்படிச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மன்னித்துக்கொள்.

போடுவதற்கு முன் சாரிடம் படித்துக் காட்டினேன். ஹீபர் வயதை 43 என்று எழுதியிருந்தேன். பிறந்தது 1783 ஏப்ரல் 21, அதனால் 42 என்று விரல் விட்டு எண்ணித் திருத்தினார். மற்றதில் கை வைக்கவில்லை.