கரண்ட் இருக்கும் நேரம்

இன்வெர்ட்டர் வாங்கப் போகிறவர்கள் கடையில் கேட்பது, கரண்ட் போனால் எத்தனை மணி நேரம் தாங்கும் என்பதைத்தான். பேட்டரியின் ஆயுளோ பெரும்பாலும் கரண்ட் இருக்கும் நேரத்தில் தீர்மானமாகிறது. மைசூரின் அக்ரஹாரம் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 1902-இலேயே சிவனசமுத்திரத்து அருவியிலிருந்து மின்சாரம் எடுத்த சமஸ்தானத்தின் ராஜதானி மைசூர். அந்தத் திட்டத்துக்காகப் பாடுபட்ட திவான் சேஷாத்ரி ஐயர் அது ஓடுவதைப் பார்க்காமலே முந்தைய ஆண்டு காலமாகிவிட்டார். முதல் கரண்ட் கோலார் தங்கவயலுக்குப் போனது; மைசூருக்கு 1908-இல் வந்தது. இன்று தியாகராஜா ரோட்டிலோ ராமானுஜா ரோட்டிலோ உள்ள ஒரு வீட்டில் கரண்ட் போகிறதென்றால், ஏப்ரல், மே மாத இடிமழையில் கிளை முறிந்து கம்பியில் விழுந்திருக்கும். இல்லாவிட்டால் பராமரிப்பு வேலைக்காக முன்பே அறிவித்து நிறுத்தியிருப்பார்கள். 2012-இல் தமிழ்நாட்டு மாவட்டங்கள் பலவும் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டில் தவித்தன. அந்த நிலைமைக்கு ஏற்ற செட்டிங் வேறு, இந்த ஊருக்கு ஏற்ற செட்டிங் வேறு. இதைக் கடைக்காரர் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வீடுகளில் அதிகம் காண்பது 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி. மூன்று ஃபேன், நாலைந்து எல்.இ.டி. விளக்கு, ஒரு டிவி ஓடினால் பேட்டரியிலிருந்து 30 ஆம்பியர் போல இழுக்கும். ஒரு மணி நேரம் கரண்ட் இல்லையென்றால் கொள்ளளவில் ஐந்தில் ஒரு பங்கு செலவு. கொள்ளளவில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 15 ஆம்பியர், சார்ஜ் கொடுப்பது இந்தத் தொழிலில் நெடுநாள் வழக்கம். அந்த வேகத்தில் செலவானதில் பெரும்பகுதி இரண்டு மணி நேரத்தில் திரும்பிவிடும். மிச்சம் நிதானமாக ஏறும். ஐந்தாறு மணி நேரத்தில் சோலி முடிந்தது. அன்றைய மீதிப் பொழுதும், கரண்டே போகாத நாட்களில் நாள் முழுக்கவும், பேட்டரி, ஏறிய சார்ஜைக் காத்துவைக்கும் ஃப்ளோட் நிலையில் கிடக்கிறது. சார்ஜ் ஏறும்போது 14.4 வோல்ட் வரை போகலாம். ஏறி முடிந்தபின் 13.5-க்கும் 13.8-க்கும் இடையே இறங்கி நிற்க வேண்டும். இறங்காமல் 14.4-லேயே நின்றால் உள்ளிருக்கும் தண்ணீர் ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமாகப் பிரிந்து வெளியேறும், பாசிட்டிவ் தகட்டின் ஈயம் அரித்துப்போகும். இதைக் கண்ணாலேயே காணலாம்: டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றிய சில வாரங்களிலேயே ஆறு மூடிகளிலும் மிதவை சிவப்புக் கோட்டுக்கு இறங்கியிருக்கும், டெர்மினலில் வெள்ளையும் நீலமுமாகப் பொடி பூத்திருக்கும். இப்படிச் செத்துப்போகும் பேட்டரியைத்தான் 'கம்பெனி சரியில்லை' என்று திட்டுகிறோம்.

அப்படியானால் வோல்டேஜைக் குறைத்து வைத்துவிடலாமே என்றால், அதுவும் கெடுதல். முழுதாக ஏறாத பேட்டரியில் தகட்டின்மேல் ஈய சல்பேட் கெட்டிப்பட்டு, கொள்ளளவு சிறுகச் சிறுகக் குறையும். இன்னொரு வாதம், சார்ஜிங் கரண்டை 20 ஆம்பியராக வைத்தால் அடுத்த மின்வெட்டுக்குப் பேட்டரி சீக்கிரம் தயாராகிவிடும் என்பது. நாளுக்கு நாலு தடவை, இரண்டிரண்டு மணி நேரம் கரண்ட் போகும் ஊரில் இதில் நியாயம் உண்டு. அங்கே கொஞ்சம் ஆயுளைக் கொடுத்து பேக்கப்பை வாங்குவது தேவை. அக்ரஹாரத்தில் ஒரு மின்வெட்டுக்கும் அடுத்ததற்கும் இடையே வேண்டிய மட்டும் அவகாசம் இருக்கிறது. அதோடு, கடைசி இருபது சதவீதம் ஏறுவதை எவ்வளவு பெரிய கரண்ட் கொடுத்தாலும் அவசரப்படுத்த முடியாது. பேட்டரி வாங்கிக்கொள்ளாததெல்லாம் சூடாகவும் வாயுவாகவும்தான் மாறும்.

இன்வெர்ட்டரின் பின்பக்கத்தில் இருக்கும் இன்னொரு ஸ்விட்சையும் கவனிக்க வேண்டும்: யு.பி.எஸ். மோடா, நார்மல் மோடா? பல மாடல்களில் யு.பி.எஸ். மோடு என்றால், மின்சாரம் ஏறத்தாழ 180-லிருந்து 260 வோல்ட் வரை இருக்கும்வரைதான் அதை ஏற்கும். அதைத் தாண்டினால் உடனே பேட்டரிக்கு மாறிவிடும். நார்மல் மோடு 100-லிருந்து 290 வரை பொறுத்துக்கொள்ளும். குறுகிய எல்லைதானே பாதுகாப்பு என்று தோன்றும். டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் இருக்கும் வீட்டில் அது உண்மைதான். பத்து மில்லிசெகண்டுக்குள் மாறாவிட்டால் அது ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். ஃபேனும் விளக்கும் லேப்டாப்பும் மட்டும் இருக்கும் வீட்டில் அந்த அவசரத்துக்குத் தேவையே இல்லை. சாயங்காலம் தெரு முழுக்க மோட்டார் போடும் நேரத்தில் வோல்டேஜ் 175-க்கு இறங்கினால், கரண்ட் இருந்தும் பேட்டரி உழைக்கத் தொடங்கிவிடும். பேட்டரிக்குப் போய்த் திரும்பும் மின்சாரத்தில் நாலில் ஒரு பங்கு வீண். 2023-இல் வந்த கர்நாடக அரசின் கிருஹ ஜோதி திட்டத்தில் 200 யூனிட் வரை இலவசம் என்பதால் அந்த வீண் பல வீடுகளில் பில்லில் தெரிவதில்லை, பேட்டரியில் தெரியும்.

தயாரித்தவர்கள் யோசிக்காமலா செட் செய்து அனுப்பியிருப்பார்கள் என்று கேட்பது நியாயமான கேள்வி. யோசித்திருக்கிறார்கள்; அதனால்தான் ஸ்விட்சையே வைத்திருக்கிறார்கள். நம் வீட்டில் டியூபுலர் வைப்போமா, தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத எஸ்.எம்.எஃப். வைப்போமா, லித்தியம் வைப்போமா என்று அவர்களுக்குத் தெரியாது. இப்போது பழைய பெட்டியிலேயே லித்தியம் பேட்டரியை மாட்டும் பழக்கம் பரவுகிறது. டியூபுலருக்கான செட்டிங்கில், அவ்வப்போது 15 வோல்ட்டுக்கு மேல் ஏற்றிச் சமன்செய்யும் வசதி இருக்கலாம். லித்தியத்துக்கு அது ஆகாது. இடமும் முக்கியம். சுவரோடு சுவர் ஒட்டிய பழைய வீடுகளில் மாடிப்படிக்கு அடியில், கதவு போட்ட மாடத்துக்குள் டியூபுலர் பேட்டரியை வைத்துவிடுகிறார்கள். காற்றில் நூற்றுக்கு நாலு பங்கு ஹைட்ரஜன் சேர்ந்தாலே ஒரு பொறி போதும், வெடிக்கும். அந்தக் கதவைக் கழற்றிவிடுங்கள். அடுத்த முறை எலக்ட்ரீஷியன் வரும்போது, ஒரு நாள் முழுக்கக் கரண்ட் போகாமல் இருந்தபின், பேட்டரியின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். டியூபுலர் பேட்டரியில் 13.8-க்கு மேல் காட்டினால், அவர் வண்டியை எடுப்பதற்கு முன்பே செட்டிங்கை மாற்றச் சொல்லுங்கள்.