நட்டக் கணக்கும் இறைசித்தமும்

கேகாலையிலிருந்து புளத்கொஹுபிட்டிய ஊடாக இறங்கி வரும் வீதி கரவனெல்லவில் முடிவடைந்து, அவிசாவளையிலிருந்து யட்டியாந்தோட்டை வழியாக ஹற்றன் நோக்கிச் செல்லும் பெருவீதியுடன் இணைகின்றது. களனிப் பள்ளத்தாக்கின் இறப்பர்த் தோட்டங்கள் சூழ அமைந்த சிற்றூர் இது. இத்தகைய சந்திகளிலுள்ள பலசரக்குக் கடைகளின் உண்மையான மூலதனம் கல்லாப்பெட்டியில் இருப்பதன்று. கடன் கொப்பியிலே இருப்பது. லயங்களில் வாழும் குடும்பங்கள் அரிசியும் மாவும் கருவாடும் மண்ணெண்ணெயும் கடனாக வாங்கிச் சம்பள நாளிலே தீர்ப்பது தோட்டப்புறங்களில் தலைமுறை தலைமுறையாக நிலவும் வழக்கம். மழை நாளில் இறப்பர்ப் பால் வெட்ட இயலாது. பால் வெட்டாத நாள் பலருக்குச் சம்பளமற்ற நாள். ஆகவே, வானம் கறுக்கும்போது கடைக்காரனின் கொப்பியும் கறுக்கத் தொடங்குகின்றது எனலாம்.

இக்கடைக்காரன் கிறிஸ்தவனாக இருப்பின், நட்டம் வரும்போது அவனிடம் ஒரு வினா எழுகின்றது: “இதிலே ஆண்டவருடைய சித்தம் யாது?” கடையை மூடிவிடு என்கிறாரா? பொறுத்திரு என்கிறாரா? ஏதேனும் ஒரு பாவத்துக்குத் தண்டனை தருகிறாரா? தோட்டப்புறத் தமிழரிடையே கிறிஸ்தவர் சிறுபான்மையினர். அயலவன் இத்தகைய வேளையிலே சோதிடரிடம் செல்வான், ஏழரைச் சனி என்றோ கண்ணூறு என்றோ காரணம் கிடைக்கும், பரிகாரமும் கிடைக்கும். கிறிஸ்தவனுக்கு அந்த வாயில் அடைபட்டது. எனினும், மனித மனம் அத்தனை எளிதில் விட்டுவிடுவதில்லை. கண்ணை மூடிக்கொண்டு வேதாகமத்தைத் திறந்து விரல் பட்ட வசனத்தைத் தன் வியாபாரத்துக்கான கட்டளையாகக் கொள்வோர் உளர். புத்தாண்டு ஆராதனையிலே தட்டிலிருந்து எடுத்த வாக்குத்தத்த அட்டையை ஆண்டு முழுவதும் கல்லாப்பெட்டியின் மேல் ஒட்டிவைத்து, அதற்கேற்ப லாபம் வராதபோது கலங்குவோரும் உளர். வாக்குத்தத்த அட்டை ஓர் ஆறுதலாக இருக்கும்வரை குறைகூற ஏதுமில்லை. அது பஞ்சாங்கத்தின் வேலையைச் செய்யத் தொடங்கும்போதே இடர்ப்பாடு தோன்றுகின்றது.

செழிப்பே இறையருளின் அடையாளம் எனப் போதிக்கும் கூட்டங்கள் அண்மைக் காலத்திலே பெருகியுள்ளன. அப்போதனையை ஏற்றுக்கொண்டவனுக்கு நட்டம் இரண்டு மடங்கு நட்டமாகின்றது. பணமும் போகின்றது, கடவுள் தன்னைக் கைவிட்டார் என்ற எண்ணமும் வந்து சேருகின்றது. யோபுவின் நண்பர்கள் செய்ததும் இதனையே. ஏழு நாள் வாய்திறவாமல் அவனுடன் தரையிலே அமர்ந்திருந்தவரை அவர்கள் நல்ல நண்பர்களாகவே இருந்தனர். அதன்பின்னர் காரணம் கூறத் தொடங்கினர், கெட்டுப்போயினர். நூலின் முடிவிலே கடவுள் சினங்கொள்வதும் முறையிட்ட யோபுவின்மீதன்று, விளக்கம் கூறிய நண்பர்மீதே என்பது நோக்கற்பாலது.

வணிக நட்டம் பற்றி விவிலியத்திலே யோபுவின் கதையைவிடப் பொருத்தமானதும், பிரசங்கங்களில் அதிகம் பேசப்படாததுமான ஒரு கதை உண்டு. யூதாவின் அரசனாகிய யோசபாத், பொன் கொண்டுவருவதற்காகக் கப்பல்களைக் கட்டினான். அக்கப்பல்கள் எசியோன்கேபேரிலேயே உடைந்துபோயின, பயணம் தொடங்கவேயில்லை. இந்நிகழ்ச்சியை இரு நூல்கள் கூறுகின்றன. நாளாகமத்தின்படி, தீயவனாகிய அகசியாவுடன் கூட்டுச் சேர்ந்தமையாலேயே கப்பல்கள் உடைந்தன என எலியேசர் என்னும் தீர்க்கதரிசி அரசனுக்கு அறிவிக்கின்றான். இராஜாக்களின் புத்தகமோ கப்பல்கள் உடைந்தன என்று மட்டும் கூறி நின்றுவிடுகின்றது. காரணம் இல்லை, தீர்க்கதரிசி இல்லை. அங்கே அகசியாவின் கூட்டு வேண்டுகோள்கூட, கப்பல் உடைந்த செய்திக்குப் பின்னரே வருகின்றது. யோசபாத் அதற்கு இணங்கவில்லை.

ஒரே நட்டம், ஒன்றிலே காரணத்துடனும் மற்றொன்றிலே காரணமின்றியும் எழுதப்பட்டுள்ளது. விவிலியத்தைத் தொகுத்தோர் இவ்விரண்டையும் நீக்காது வைத்துள்ளனர். தவறான கூட்டு, கள்ளத் தராசு, அளவுக்கு மீறிய கடன் ஆகியவற்றால் வந்த நட்டமாயின், நாளாகமம் காட்டும் வழியிலே தன்னைத் தானே சோதித்துக்கொள்ளுதல் தகும். ஆயின், ஒவ்வொரு நட்டத்துக்கும் ஓர் எலியேசர் கிடைப்பான் என எதிர்பார்ப்பது, இராஜாக்களின் புத்தகத்தைக் கிழித்தெறிவதற்கு ஒப்பாகும்.

காரணம் தேடுவதே தவறு என்பது இதன் கருத்தன்று. இலங்கையின் தோட்ட வரலாறே இதற்குச் சான்று. 1869ஆம் ஆண்டு மடுல்சீமைப் பகுதியிலே கோப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் காணப்பட்டன. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் அழிந்தது. அத்தொழிலை நம்பிக் கடன் கொடுத்த ஒறியன்ரல் வங்கி 1884இலே கதவடைத்தது. வங்கித் தாள்களை வைத்திருந்தோர் தவித்து நிற்க, ஆளுநர் ஆர்தர் கோர்டன் அத்தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பேற்கும் என அறிவித்தார். இதற்கிடையில், 1880இலே இங்கு அனுப்பப்பட்ட மார்ஷல் வாட் என்னும் இளம் தாவரவியலாளர் நோயின் இயல்பை ஆராய்ந்தார். அது ஒரு பூஞ்சணம். அதன் வித்திகள் காற்றிலே பரவுகின்றன. மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமை அப்பரவலுக்கு வழிவகுத்தது என அவர் காட்டினார். கோப்பி அழிந்தது கடவுளின் தண்டனையா என்ற வினாவுக்கு அவருடைய அறிக்கைகளில் விடையில்லை. அடுத்த பயிரை எவ்வாறு நடலாம் என்பதற்கு அவற்றிலே குறிப்பு இருந்தது. காரணத்தை அறிதல் வேறு. தீர்ப்பை அறிதல் வேறு.

அவ்வறிவு முழுமையாகப் பயன்பட்டது எனவும் கூறிவிட இயலாது. கோப்பி போய்த் தேயிலையும் இறப்பரும் வந்தன. மலைகள் மீண்டும் ஒரே பயிரால் நிறைந்தன. 2019ஆம் ஆண்டளவில் இலங்கை இறப்பர் மரங்களிலே இனங்காணப்பட்ட புதிய இலையுதிர்வு நோயும் ஒரு பூஞ்சண நோயே. இலை உதிர்ந்தால் பால் குறையும். பால் குறைந்தால் சந்திக்கடையின் கொப்பி நீளும்.

களனிப் பள்ளத்தாக்கு இத்தகைய அடிகளுக்குப் புதியதன்று. 1910இலே ஓர் இறாத்தல் இறப்பர் இலண்டனில் 12 ஷில்லிங்குக்கும் மேல் விலைபோயிற்று. 1932இலே அது ஏறத்தாழ 2 பென்ஸ் வரை வீழ்ந்தது. 1903இலே யட்டியாந்தோட்டை வரை போடப்பட்ட ஒடுங்கிய றெயில் பாதை இவ்வூரினூடாகவே சென்றது. 1942இலே அவிசாவளைக்கு அப்பாலுள்ள அப்பகுதி மூடப்பட்டது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவுசெய்தது. பின்னர் மக்கள் புறப்பட்டபோது, தோட்டப்புறக் கடைக்காரன் தன் வாடிக்கையாளரையும் இழந்தான். கொப்பியிலே பெயர் எழுதப்பட்டவர் கப்பலேறிய பின்னர் அப்பெயரை என்ன செய்வது? 2022இலே வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நாடே ஏப்பிரலில் நிறுத்தியது. டொலர் சில வாரங்களுக்குள் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா அளவுக்கு ஏறியது. செப்டெம்பரிலே பணவீக்கம் 70 சதவீதத்தை அண்மித்தது. நேற்று விற்ற விலைக்கு இன்று சரக்கு வாங்க இயலாத அந்நாட்களிலே எத்தனையோ சிறுகடைகள் ஓசையின்றி மூடப்பட்டன. அவர்கள் அனைவரும் ஒரே வேளையிலே பாவம் செய்தனர் என்று எவரும் கூறார்.

இயற்கையாலும் சந்தையாலும் வந்த நட்டங்கள் இவை. வேறொரு வகை நட்டமும் உண்டு. அதனைப் பேசாது விடுதல் நேர்மையாகாது. 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களிலே தமிழரின் கடைகள் கொளுத்தப்பட்டன. 1981இலே இரத்தினபுரி மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. சாம்பலின் முன்னே நின்றவனிடம் “எல்லாம் இறைசித்தம்” எனக் கூறுவது பக்தி போலத் தோன்றலாம். தீ வைத்தவனுக்கு அது எவ்வளவு வசதியான சொல்! லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 13ஆம் அதிகாரத்திலே இரு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து வருகின்றன. பிலாத்து கலிலேயர் சிலரைக் கொன்றமை ஒன்று. சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டமை மற்றொன்று. முன்னையது மனிதனின் கொடுமை, பின்னையது விபத்து. மாண்டோர் மற்றவரைவிடப் பெரிய பாவிகளோ என்ற எண்ணத்தை இயேசு இரு இடங்களிலும் மறுக்கின்றார். கேட்டவர்களையோ மனந்திரும்பச் சொல்கின்றார். நட்டமடைந்தவனைச் சோதிக்க வந்தவர்களே சோதனைக்குள்ளாகும் இவ்விடம், திருச்சபைகளிலே இன்னும் அழுத்தமாக வாசிக்கப்பட வேண்டியது.

அவ்வாறாயின், இறைசித்தத்தை அறிதல் என்பதற்குப் பொருளே இல்லையா? உண்டு. ஆயின், அது நட்டம் ஏன் வந்தது என்பதிலே கிடைப்பதைவிட, நட்டத்தின் பின் எவருக்கு என்ன கடமை உண்டு என்பதிலேயே தெளிவாகக் கிடைக்கின்றது. யாக்கோபு தம் நிருபத்திலே, நாளை ஒரு பட்டணத்துக்குச் சென்று ஓராண்டு வியாபாரம் செய்து லாபம் ஈட்டுவோம் எனப் பேசும் வணிகரைக் கண்டிக்கின்றார். கர்த்தருக்குச் சித்தமானால் எனச் சேர்த்துக்கொள்ளும்படி அவர் கூறியது, இன்று திருமண அழைப்பிதழிலும் கடை திறப்பு விழா அழைப்பிதழிலும் அச்சிடப்படும் வழக்கமான தொடராகிவிட்டது. அதே நிருபம் அடுத்த அதிகாரத்திலேயே, கூலியாட்களுக்குக் கொடாது பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகின்றது என்கின்றது. அவ்வரியை எவரும் அழைப்பிதழில் அச்சிடுவதில்லை.

இன்னொரு வகையான அறிவுரையும் உண்டு. இக்னேசியஸ் லொயோலா 1548இலே அச்சான தம் ஆன்மிகப் பயிற்சி நூலிலே, மனம் வறண்டு இருண்டிருக்கும் வேளையிலே முன்னர் செய்த முடிவை மாற்றலாகாது என விதிக்கின்றார். வட்டிக்காரன் வாசலில் நிற்கும் மாலையிலே கடையை விற்கத் துணிவதும், நகையை அடகுவைத்துக் கொழும்பிலே புதுத் தொழில் தொடங்கத் துணிவதும் இவ்விதியின்படி ஐயத்துக்குரியவை. ஆயினும், கடன் முற்றும்போது காத்திருக்க நேரமில்லை என்ற உண்மையையும் மறந்துவிடலாகாது. துறவிக்கு வட்டி ஏறுவதில்லை.

இவ்விடயத்திலே ஆங்கில நாட்டுக் குவேக்கர் சபையாரின் வழக்கம் ஆராயத் தக்கது. உறுப்பினர் தம் கணக்குகளைக் காலந்தோறும் சோதித்து வருமாறு அச்சபை அறிவுறுத்தியது. ஒருவர் முறிந்துபோனால், சபையார் காரணத்தை விசாரித்தனர்; கடன் கொடுத்தோருக்கு இழப்பு ஏற்பட்டிருப்பின் சபையிலிருந்து நீக்கவும் தயங்கவில்லை. சிறைச் சீர்திருத்தத்தால் புகழ்பெற்ற எலிசபெத் பிறையின் கணவர் ஜோசெப் பிறை 1828இலே வங்கி முறிந்தபோது அவ்வாறே நீக்கப்பட்டார். சட்டம் விடுவித்த பின்னரும், வசதி வந்தால் பழைய கடனைத் தீர்ப்பதே அறம் என அவர்கள் கொண்டனர். இக்கடுமை மிகையானதே, விழுந்தவனைத் தாங்கவேண்டிய சபை அவனை வாசலுக்கு வெளியே நிறுத்திற்று. எனினும், அவர்கள் குறி தேடவில்லை. கணக்குப் புத்தகத்தையே திறந்தனர் என்பது அவர்களுக்குரிய பெருமை.

கரவனெல்ல போன்ற ஊரின் கடைக்காரனும் இறுதியிலே தன் கொப்பிக்கே திரும்ப வேண்டியுள்ளது. அங்கே உண்மையான இக்கட்டு காத்திருக்கின்றது. சரக்கு தந்த மொத்த வியாபாரிக்கு அவன் கடன்பட்டிருக்கிறான். லயத்துக் குடும்பங்கள் அவனுக்குக் கடன்பட்டிருக்கின்றன. முன்னவனுக்கு நேர்மையாக இருக்கவேண்டுமாயின் பின்னவரை நெருக்க வேண்டும். பிள்ளையின் பால்மாவுக்காகப் பெயரெழுதிய தாயைச் சம்பள நாளிலே வழிமறிக்க வேண்டும். அவளை விட்டுவிட்டாலோ மொத்த வியாபாரிக்குக் கொடுத்த வாக்குத் தவறும். கடைப் பையனின் சம்பளமும் நிற்கும். உபாகமம் ஏழாம் ஆண்டிலே கடனை விடுவிக்கச் சொல்கின்றது. அதே நூல் கூலியாளின் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுக்கவும் சொல்கின்றது. இரண்டும் ஒரே நியாயப்பிரமாணம். ஆனால் கல்லாப்பெட்டியிலே ஒன்றுக்கே போதிய பணம் உண்டு. கடைப் பையனின் சம்பளத்தை முதலிலே கொடுத்துவிட்டு, மொத்த வியாபாரியிடம் ஒளியாது நேரே சென்று கொப்பியைக் காட்டித் தவணை கேட்பதும், லயத்திலே எவரால் இயலும், எவரால் இயலாது என்பதைப் பெயர் பெயராகப் பிரித்தறிவதுமே இயலுவதாகத் தோன்றுகின்றது. திருவள்ளுவர் ஆள்வினையுடைமைக்கு அடுத்தே இடுக்கணழியாமையை வைத்தமையும் இங்கே நினைவுக்கு வருகின்றது. பெயர் பெயராகப் பிரிக்கும் அவ்வேலை ஓர் இரவிலே முடிவதன்று. அதனைச் செய்யும்போது கடை பிழைக்கும் என்ற உறுதியும் எவராலும் தரப்படவில்லை.

யோசபாத்தின் கப்பல்கள் உடைந்த பின்னர் மீண்டும் கட்டப்பட்டதாக அவ்விரு நூல்களில் எதுவும் கூறவில்லை. இராஜாக்களின் புத்தகம் அவன் மறுத்த கூட்டைக் கூறி, அடுத்த வரியிலே அவன் இறந்து தாவீதின் நகரத்திலே அடக்கம்பண்ணப்பட்டதைச் சொல்லிச் செல்கின்றது.