இரண்டு பாட்டு, ஒரு நடை

வடபழனியில் அந்த மொட்டைமாடி அறைக்குள் நுழைந்ததும் கண்ணில் பட்டது கறுப்பு இன்சுலேஷன் டேப். டிஜே கன்ட்ரோலரில், இரண்டு பாட்டின் வேகத்தைத் தானாகச் சேர்க்கும் 'சிங்க்' பட்டன்மேல் ஒட்டியிருந்தார்கள். லேப்டாப் திரையைத் துண்டு போட்டு மூடியிருந்தார்கள். அறை, கல்யாண ரிசப்ஷன்களுக்குப் பாட்டு போடுகிற ஒரு டிஜேவுடையது. கற்றுக்கொள்ள வந்திருந்தது கல்லூரி முடித்த ஒரு பெண்.

"அத அமுக்கினா மிஷினே சேத்துடுமேண்ணா?"

"மிஷின் தப்பா சேத்தா அது தப்புன்னு உனக்குத் தெரியணும்ல."

ஒரு பாட்டு ஸ்பீக்கரில் ஓடுகிறது. அடுத்தது ஹெட்போனில், ஒரு காதில் மட்டும். வெளியே ஓடுவது நிமிடத்துக்கு 126 பீட், உள்ளே இருப்பது 120 என்றால், வேகத்தை மாற்றும் பிட்ச் ஃபேடரை நகர்த்தி உள்ளே இருப்பதை 5 சதவீதம் ஏற்ற வேண்டும். வேகம் சமமானால் மட்டும் போதாது, அடிமேல் அடி விழ வேண்டும். மயிரிழை விலகினாலும் இரண்டு பாட்டின் கிக் டிரம் அடியும் சேர்ந்து குதிரைக் குளம்பு மாதிரி 'டகடக்' என்கிறது. எது முந்துகிறது, எது பிந்துகிறது? புதிதாக வருகிறவர்கள் திணறுவது இங்கேதான். பாட்டை முன்னும் பின்னும் தள்ளும் ஜாக் வீலை அவள் முன்னால் தள்ளினாள். குளம்புச் சத்தம் அதிகமானது. "தெரியலன்னா பரவால்ல. ஒரு பக்கம் தள்ளு, மோசமாச்சுன்னா மறுபக்கம்" என்றார். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் வீலை லேசாகப் பிடித்து நிறுத்தினாள். இரண்டு கிக்கும் ஒன்றாயின. கொஞ்ச நேரத்தில் மறுபடி பிரிந்தன.

1960களின் கடைசியில், நியூயார்க்கின் சாங்க்சுவரி கிளப்பில் டிஜே ஃபிரான்சிஸ் கிராஸோ இசைத்தட்டுகளை வைத்துச் செய்த வேலையும் இதுதான். இசைத்தட்டைச் சுழற்றும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 டர்ன்டேபிள் 1972இல் வந்தது. 1979இல் வந்த அதன் அடுத்த மாடலில், வேகத்தை 8 சதவீதம் வரை கூட்டவும் குறைக்கவும் நீளமான ஃபேடர் வைத்தார்கள். பிறகு டிரம் மெஷின்கள் பெருகின, பாட்டுகளின் வேகம் கடிகாரம்போல் நிலைத்தது, சேர்ப்பது சுலபமானது.

நம் ஊர்ப் பாட்டுகளிடம் அந்தச் சுலபம் செல்லாது. எண்பதுகளின் சினிமாப் பாட்டுகளில் பல, வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து வாசித்துப் பதிவானவை. பல்லவியில் ஒரு வேகம், சரணத்துக்கு வரும்போது இம்மி கூடியிருக்கும். கேட்கிறவருக்கு அதுவே சுகம், மென்பொருளுக்கோ தலைவலி. பாட்டு முழுக்க ஒரே வேகம் என்று வைத்து, பெரும்பாலும் அது பீட்டுகளுக்குச் சம இடைவெளியில் கோடு போட்டுவிடுகிறது, பாட்டு கோட்டைவிட்டு நகர்ந்து போய்விடுகிறது. அந்த டேப் ஒட்டிய காரணம் எனக்கு அப்போதுதான் விளங்கியது.

குத்துப் பாட்டு இன்னொரு வம்பு. அதில் பெரும்பாலும் ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரியும், திஸ்ர நடை. ஹவுஸ் இசையில் நான்காகப் பிரியும். வேகத்தைச் சரியாக வைத்தாலும் உள்ளே இருக்கும் சில்லறைத் தட்டுகள் மோதிக்கொள்ளும். அங்கே கலக்க முயல்வதே வீண் என்பது அவர் கட்சி: ஒரு எக்கோ விட்டு, சட்டென்று வெட்டிவிட வேண்டும். எனக்கும் அது நியாயமாகவே பட்டது.

நடன இசை தயாரிப்பவர்கள் டிஜேவுக்கென்றே முன்னால் கொஞ்ச நேரம் தாளத்தை மட்டும் ஓடவிடுகிறார்கள். சினிமாப் பாட்டோ ஹம்மிங்கிலோ வயலினிலோ தொடங்கிவிடும். அதனால் நடுவிலிருந்து தாளம் மட்டும் வரும் துண்டைப் பிடித்து லூப் போட்டு, அதன்மேல் அடுத்ததை ஏற்றச் சொல்லிக்கொடுத்தார். ஏற்றும்போது புதுப் பாட்டின் பாஸ் மூடியிருக்க வேண்டும். பழையதன் பாஸை இறக்கும் அதே நொடியில் புதியதைத் திறக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒலித்தால் வெறும் இரைச்சல்தான். அவளுக்கு பீட் சேர்ந்து நின்றது, பாஸை மாற்ற மறந்தாள்; ஸ்பீக்கர் உறுமியது. அவர் சிரிக்கக்கூட இல்லை. "திரும்பப் போடு."

கல்யாண மண்டபத்தில் பெரும்பாலும் இரவு 10 மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்தியாக வேண்டும். அதற்குள் சாப்பாட்டுப் பந்தி, போட்டோ, செல்போனை நீட்டி "இந்தப் பாட்டு போடுப்பா" என்று நிற்கும் மாமாக்கள். மிக்ஸிங்குக்கு மிஞ்சுவது ஒரு மணி நேரம் இருந்தால் அதிகம்.

"அடுத்த முகூர்த்தத்துக்கு நானும் வரட்டுமாண்ணா?"

"வா. முதல்ல ஒயர் சுத்தக் கத்துக்கோ. அப்புறம் டெக்."